கொச்சி மரைன் டிரைவ் படகு: போகும்போது பாருங்க, வரும்போது ஆடுங்க

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் சொந்தக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இப்போது ஒரே கேள்விதான். கொச்சியில் இரண்டு மாடிப் படகில் பாட்டுப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறார்களே, அதில் ஏறலாமா, கொடுக்கிற காசுக்கு மதிப்பு உண்டா? ஏறலாம், தாராளமாக ஏறலாம். ஆனால் எந்த நேரத்தில் ஏறுகிறோம், எங்கே உட்காருகிறோம், பாட்டை எப்போது போடச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது அருமையான சாயங்காலமாகவும் இருக்கும், வெறும் தலைவலியாகவும் முடியும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். படகின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மரைன் டிரைவ் என்கிற அந்த நீர்க்கரை நடைபாதை ஓரம் நெடுக ஒரே சாயலில் படகுகள் நிற்கின்றன, போகிற வழியும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எதில் ஏறினாலும் இது உதவும்.

அக்கா மகளுக்கு எர்ணாகுளத்தில் வேலை. அவளைப் பார்க்கிற சாக்கில் சித்தப்பா, அத்தை, மதினி, பிள்ளைகள் என்று பெரிய கூட்டமாகப் பாலருவி எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். ராத்திரி திருநெல்வேலியில் ஏறினால் தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாகப் போய்க் காலையில் எர்ணாகுளம் டவுனில் இறங்கிவிடலாம், அங்கே அதை எல்லாரும் நார்த் என்றுதான் சொல்கிறார்கள். அங்கிருந்து மரைன் டிரைவுக்கு ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரம்தான். பகலெல்லாம் அவள் வீட்டில் படுத்து எழுந்துவிட்டு, சாயங்காலம் படகுக்குப் போனோம்.

நடைபாதையில் காலை வைத்ததுமே ஆட்கள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். தமிழ் முகம் தெரிந்தால் தமிழிலேயே பேசுவார்கள். முதலில் வருகிறவரிடமே சரி என்று சொல்லிவிடாதீர்கள். கடைசி வரைக்கும் ஒரு நடை நடந்து, படகுகளைக் கண்ணால் பார்த்து, இருக்கைகள் எப்படி, மேல்தளத்தில் கூரை இருக்கிறதா, கைப்பிடிக் கம்பி எவ்வளவு உயரம் என்று கவனித்துவிட்டு வந்து பேசுங்கள். எங்களிடம் ஆளுக்கு 300 ரூபாய் கேட்டார்கள், கூட்டமாக வந்திருக்கிறோம் என்று சொன்னதும் 250-க்கு இறங்கினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி. ஒரு மணி நேரச் சவாரி, இரண்டு மணி நேரச் சவாரி என்று இரண்டு வகை உண்டு. ஒரு மணி நேரம் போதவே போதாது, முகத்துவாரம் வரைக்கும் போய் நின்று பார்க்கிறதற்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள். அந்தி சாய்கிற நேரத்து நீண்ட சவாரியாகப் பார்த்து எடுங்கள். இன்னொன்று, ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கு எடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். ஆள் நிறைகிற வரைக்கும் கட்டிப் போட்டபடியே நிற்கும். நாங்கள் அரைமணிக்கும் மேல் ஆடுகிற படகில் சும்மா உட்கார்ந்திருந்தோம், அதில் மதினிக்குக் குமட்டிவிட்டது. படகு கிளம்பி முகத்தில் காற்றுப் பட்ட பிறகுதான் சரியானார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் கையில் எலுமிச்சம்பழம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரம் வரைக்கும் கரையிலேயே நில்லுங்கள்.

படகு நகர்வதற்கு முன்னாலேயே பாட்டு ஆரம்பித்துவிட்டது. மேல்தளத்தில் இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர், நடுவில் ஆடுவதற்கு இடம், மைக்கில் ஒரு பையன். நல்ல பையன், துறுதுறுவென்று எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தான். ஆனால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சித்தப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில், சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் படகுக்கு அவர் வந்ததே கொச்சித் துறைமுகத்தைத் தண்ணீரிலிருந்து பார்க்கத்தான். நேரே அந்தப் பையனிடம் போய், தோளில் கையைப் போட்டு, "தம்பி, போம்போது எல்லாத்தையும் பாத்துக்கிடுதோம். வரும்போது நீ எவ்வளவு சத்தம் வேணும்னாலும் வையி, நானும் ஆடுதேன்" என்றார். அவனும் மற்றவர்களை மைக்கில் கேட்டான். கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்றும் கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சப் பேரும் இருந்தார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டைக் குறைத்தான். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அந்தப் பயணம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். நீங்களும் ஏறியவுடன் இதைக் கேட்டுவிடுங்கள், கேட்டால் கேட்கிறார்கள்.

கிளம்பியதும் வலது கைப்பக்கம் போல்காட்டித் தீவு. 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகை, பிறகு வெள்ளைக்கார அரசின் பிரதிநிதிகளான ரெசிடெண்ட்கள் இருந்தது, இப்போது கேரள அரசின் ஓட்டலாக நடக்கிறது. மரங்களுக்கு நடுவே ஓட்டுக்கூரை கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். அதைத் தாண்டியதும் வல்லார்பாடம். மாதா கோயிலின் கோபுரங்கள் தெரிகின்றனவா என்று அத்தை எழுந்து தேடினார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலிருந்தே வேண்டுதலுக்கு அங்கே போகிறவர்கள் உண்டு, சாதி மதம் பார்க்காமல் போவார்கள்.

வல்லார்பாடத்துக் கண்டெய்னர் முனையம் 2011-இல் தொடங்கியது. கரையிலிருந்து அதைப் பார்ப்பதற்கும் தண்ணீரில் நின்று நிமிர்ந்து பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கிரேன்களின் கை கப்பலுக்கு மேலே நீண்டு நிற்கிறது. அதிலிருந்து கயிற்றில் ஒரு இரும்புச் சட்டம் இறங்குகிறது, அதன் பெயர் ஸ்பிரெடர் என்று சித்தப்பா சொன்னார். கண்டெய்னரின் தலைமேல் அது உட்கார்ந்ததும், நான்கு மூலையிலும் இருக்கிற ஓட்டைகளுக்குள் நான்கு பூட்டுகள் நுழைந்து கால் சுற்றுத் திரும்பிக்கொள்ளும். நான்கும் பூட்டினால்தான் தூக்கும், ஒன்று சரியில்லை என்றாலும் ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும், தூக்காது. நாங்கள் பார்க்கும்போது ஒரு நீலநிறப் பெட்டி இறங்கியது. காற்றில் லேசாகத் திரும்பப் பார்த்தது, மேலே கண்ணாடிக் கூண்டில் இருந்தவர் அதை அப்படியே அமர்த்தி, லாரி டிரெய்லர் மேல் சத்தமில்லாமல் வைத்தார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். சித்தப்பா இத்தனை வருசம் செய்த வேலையைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை, அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் அவரைச் சுற்றி நின்று கேட்டார்கள். சத்தமாகப் பாட்டு ஓடியிருந்தால் இது நடந்திருக்காது.

அப்புறம் படகு முகத்துவாரத்துப் பக்கம் திரும்பியது. ஒரு பக்கம் வைப்பின், மறுபக்கம் ஃபோர்ட் கொச்சி, நடுவில் கடல் உள்ளே வருகிற வாய். இந்த வாய்க்கு ஒரு கதை உண்டு. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சியில் கடலுக்கு வழி திறந்துவிட்டது என்று சொல்கிறார்கள். சங்கப் பாட்டுகளில் மிளகுக்கும் பொன்னுக்கும் பேர்போன அதே முசிறிதான். நம்ம பக்கத்துக் கொற்கையும் அந்த வகைதானே. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் விலகிப் போய், பாண்டியரின் முத்துத்துறை இன்றைக்கு வயலும் வாழையுமாகக் கிடக்கிறது. நமக்கு ஆறு துறைமுகத்தை மூடியது, இவர்களுக்கு ஆறு ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்தது. அந்த இடத்தில் நின்றபோது எனக்கு இது பெரிய விசயமாகப் பட்டது. மைக் பையன் இதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வேகமாக நாலு பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். இத்தனை தமிழ்க் குடும்பங்கள் ஏறுகிற படகில் தமிழில் ஒரு பத்து நிமிசம் நிதானமாகச் சொல்ல ஆள் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சீன வலைகள் அந்த முகத்துவாரத்தில்தான் இருக்கின்றன. போட்டோவில் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான் என்று நினைத்துக்கொண்டு அசட்டையாக இருக்காதீர்கள், வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். கரையோரம் நட்ட மரச்சட்டம், அதன் முனையில் விரித்த வலை, பின்பக்கம் கயிறுகளில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட பாறாங்கற்கள். நம்ம ஊரில் முன்பு ஏற்றம் இறைத்த மாதிரிதான் கணக்கு, முன்னால் உள்ள பாரத்துக்குப் பின்னால் எதிர்ப்பாரம். நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க, வலை தண்ணீரை வடித்துக்கொண்டு மேலே வந்தது. உள்ளே கையளவு மீன்தான். ஒருவர் கோலில் கட்டிய சின்ன வலையால் அதை அள்ளிக்கொண்டு, உடனே மறுபடியும் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நாளெல்லாம் இதைச் செய்கிறார்கள் என்று நினைத்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த இடத்தில்தான் டால்பின் வந்தது. அந்த முகத்துவாரத்தில் டால்பின்கள் வந்துபோவது வழக்கம்தான், ஆனால் பார்ப்பவர்களுக்கு அது தெரியாதே. இடப்பக்கம் யாரோ கத்தினார்கள், கரும் சாம்பலாக ஒரு முதுகு தெரிந்து மறைந்தது, மேல்தளத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடினார்கள். படகு சாய்ந்தது. கொஞ்சம்தான், ஆனால் காலுக்குக் கீழே தெரிகிற அளவுக்குச் சாய்ந்தது. படகில் வேலை பார்க்கிற ஒரு பெரியவர் விசில் ஊதி, பாதிப் பேரைக் கையைப் பிடித்து இழுத்து மறுபக்கம் தள்ளினார், ஓட்டுகிறவரும் வேகத்தைக் குறைத்துவிட்டார். அந்தப் பெரியவருக்கு நான் மனசார நன்றி சொல்கிறேன். 2009 செப்டம்பரில் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள், கரையில் மிருகங்களைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் போனதால்தான் கவிழ்ந்தது என்று அன்றைக்குச் செய்தி வந்தது. 2023 மே மாதம் கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் இருக்கிற தானூரில் அளவுக்கு மேல் ஆளை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலும் பிள்ளைகள். உல்லாசமாகப் போகிற இடத்தில் இதை ஏன் பேச வேண்டும் என்று மதினி கேட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், அதனால்தான் பேச வேண்டும்.

இந்த ஒரு விசயத்தில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். மேல்தளத்துக்கு எத்தனை பேர் என்பதைத் தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் ஆட்டம் பாட்டம் எல்லாம் மேலேதான், கீழே இருக்க வேண்டியவர்களும் மேலே வந்துவிடுகிறார்கள். லைஃப் ஜாக்கெட் எங்களுக்கு யாரும் எடுத்துத் தரவில்லை. இருக்கைக்கு அடியில் இருந்ததை நாங்களே எடுத்தோம், பிள்ளைகள் அளவுக்குச் சின்னது கேட்டபோது தேடித்தான் கொண்டுவந்தார்கள். கொக்கி உடைந்தது ஒன்று இருந்தது, மாற்றித் தரச் சொன்னோம், முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்கள். முணுமுணுக்கட்டும். பார்க்கிறவர்கள் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தாலும் பரவாயில்லை, படகு நகர்வதற்கு முன்னால் போட்டு வாரை இறுக்கிவிடுங்கள். ஆளை அளவுக்கு மேல் ஏற்றுவது தெரிந்தால் காசு போனாலும் சரி என்று இறங்கிவிடுங்கள்.

திரும்பும் வழியில் வெலிங்டன் தீவு. மூழ்கிக் கிடந்த மண்ணைக் கடல் வாயிலிருந்து தோண்டிப் போட்டு உண்டாக்கிய தீவு அது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் 1920-இல் வந்து, வாயை அடைத்துக் கிடந்த மணல்மேட்டை வெட்டிக் கப்பல் உள்ளே வர வழி செய்தார். 1928-இல் முதல் கப்பல் உள்ளே வந்தது, அள்ளிய மண் தீவானது. கடற்படைத் தளமும் அந்தப் பக்கம்தான், அங்கே கேமராவைத் தூக்காதீர்கள். கப்பல் கட்டும் தளமும் இந்த ஊரில்தான் இருக்கிறது, 2022-இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் போர்க்கப்பல் அங்கே கட்டியது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் எங்கே எங்கே என்று எட்டிப் பார்த்தார்கள்.

சூரியன் இறங்கியதும் சித்தப்பா மைக் பையனைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேல்தளம் கல்யாண வீடுதான். எல்லாம் தமிழ்ப் பாட்டு, நடுவில் மலையாளப் பாட்டு இரண்டு மூன்று. கோயம்புத்தூர்க்காரர்களும் நாங்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒன்றாகக் கலந்துவிட்டோம். அத்தைக்கு முழங்கால் வலி, பெரும்பாலும் உட்கார்ந்தே இருப்பவர்கள், "இந்தப் பிள்ளைகள்லாம் ஆடுதுவ, நான் ஆடப்பிடாதா?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து கும்மி மாதிரிக் கைதட்டி ஒரு சுற்று வந்தார்கள். மாமா போன பிறகு அத்தை இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சித்தப்பாவும் சொன்னபடி ஆடினார். பெண்பிள்ளைகளை மைக்கில் பெயர் சொல்லி அழைப்பது, கையைப் பிடித்து இழுப்பது எதுவும் அந்தப் பையன் செய்யவில்லை, வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டான். ஒருவரும் குடித்திருக்கவில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது முக்கியம், டிக்கெட் எடுக்கும்போதே குடிக்க அனுமதி உண்டா என்று கேட்டு, இல்லை என்று சொல்கிற படகில் ஏறுங்கள்.

குறைகள் என்றால், கழிவறை. பெயருக்கு ஒன்று இருந்தது, உள்ளே கால் வைக்க முடியவில்லை. முடிந்தால் கரையிலேயே போய்விட்டு ஏறுங்கள். குப்பைத் தொட்டியும் கண்ணில் படவில்லை, ஆளாளுக்குச் சிப்ஸ் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் இருக்கைக்கு அடியில் போட்டார்கள், ஒருவர் தண்ணீரிலேயே எறிந்தார். ஜெட்டிப் பக்கம் ஆகாயத்தாமரையோடு பிளாஸ்டிக்கும் சேர்ந்து மிதக்கிறது, நாற்றமும் உண்டு. தாமிரபரணியை அப்படிப் பார்த்து வயிறெரிகிற நமக்கு இங்கேயும் அதே காட்சிதான். உள்ளே விற்கிற தின்பண்டம் விலை அதிகம், ருசியும் இல்லை. நாங்கள் சீவலும் கருப்பட்டி மிட்டாயும் கொண்டுபோனோம், யாரும் தடுக்கவில்லை. வயதானவர்களை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள், கீழ்த்தளத்தில் முன்பக்கம் நல்ல இடம், காற்றும் வரும், பேச்சும் கேட்கும்.

ஆட்டம் பாட்டம் வேண்டாம், தண்ணீரில் போனால் போதும் என்பவர்களுக்கு வாட்டர் மெட்ரோ இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கியது. மரைன் டிரைவுக்குப் பக்கத்தில் ஹைகோர்ட் ஜெட்டியிலேயே ஏறலாம், பேட்டரியில் ஓடுகிற ஏசி படகு, சத்தமே கிடையாது, எண்ணித்தான் ஆளை விடுகிறார்கள். கட்டணமும் மிகக் குறைவு. ஃபோர்ட் கொச்சிக்குப் போவதற்கு அத்தை மாதிரி ஆட்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், மறுநாள் காலையில் அதில்தான் கூட்டிக்கொண்டு போனோம். ஆனால் அதில் யாரும் எழுந்து ஆட முடியாது, சித்தப்பா கிரேன் பக்கத்தில் நிறுத்தச் சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் பயன் வேறு.

தூத்துக்குடியில் இப்படி ஒன்று ஒழுங்காக வர வேண்டும் என்று சித்தப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். 1906-இல் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர். அந்தத் துறைமுகத்தைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரிலிருந்து காட்டி, முயல்தீவுப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி, கதையும் சொல்லிக் கூட்டிவந்தால் நம்ம ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். எனக்கும் அந்த ஆசை இருக்கிறது.

போகிறவர்கள் டிசம்பர், ஜனவரி பார்த்துப் போங்கள், ஜூன் மாதத்து மழையில் பிள்ளைகளோடு ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், நடைபாதையில் நடக்கவே இடம் இருக்காது. அன்றைக்கே சாயங்காலம் பாலருவியைப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டால் அந்திப் படகு கிடைக்காது, ஒரு ராத்திரி தங்குகிற மாதிரித் திட்டம் போட்டு, போக வர டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கூட்டமாகப் போகிறவர்களுக்கு ஒரே பெட்டியில் இடம் கிடைப்பது கஷ்டம்.